லட்சத்தீவில் மூன்று நாள் சும்மா இருக்கப் போகலாமா?

கோத்தகிரி தேவி:
வணக்கம். பிப்ரவரியில் நானும் அம்மாவும் லட்சத்தீவு போகலாம் என்று இருக்கிறோம். மூன்று ராத்திரி போதும். ஸ்கூபா, ஜெட் ஸ்கீ எதுவும் வேண்டாம், அலை அடிக்காத தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தத் தீவு நல்லது, அகத்தியா, கட்மத்தா, மினிக்காயா? கப்பலா, விமானமா? அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. போய் வந்தவர்கள் சொன்னால் நல்லது.

மஞ்சூர் மணி:
அக்கா, கோவித்துக்கொள்ளாதீர்கள், போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே எல்லாத் தீவையும் சேர்த்தாலே 32 சதுர கிலோமீட்டர்தான், ஆள் இருப்பது பத்துத் தீவில். 2011 கணக்கெடுப்பில் அறுபத்து நாலாயிரம் பேர், அதாவது சதுர கிலோமீட்டருக்கு இரண்டாயிரத்துக்கு மேல். நம் நீலகிரியில் முந்நூறுகூட இல்லை, அதற்கே நாம் என்ன பாடு படுகிறோம்! இ-பாஸ் போட்டு, சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று நீதிமன்றம் சொல்லி, அப்படியும் சனிக்கிழமை குன்னூர் ரோட்டில் ஆம்புலன்ஸ் நகர முடிவதில்லை. இங்கே டூரிஸ்ட்டைத் திட்டிவிட்டு அங்கே நாமே டூரிஸ்ட்டாகப் போய் இறங்குவது எந்த ஊர் நியாயம்? அமைதிதான் வேண்டும் என்றால் கீழ்கோத்தகிரிப் பக்கம் நாலு கிலோமீட்டர் நடங்கள், யாரும் கூப்பிட மாட்டார்கள், டவரே எடுக்காது.

ஊட்டி பிரபு:
முக்கியமான கேள்வியை யாரும் கேட்கவில்லை. சரக்கு கிடைக்குமா?

கொடை சேகர்:
பிரபு, பங்காரம் தீவு தவிர எங்கும் மதுவிலக்கு. நீங்கள் ஊட்டியிலேயே இருங்கள்.

மணி தம்பி, கணக்குச் சரி, முடிவுதான் சரியில்லை. நீலகிரிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வந்துவிடலாம். லட்சத்தீவுக்குப் பெர்மிட் இல்லாமல் கொச்சியில் கப்பல் ஏறவே முடியாது, இது நேற்று வந்த சட்டமும் இல்லை. இங்கே 2024-ல் இ-பாஸ் என்று ஆரம்பித்ததை அவர்கள் பல வருஷமாக இன்னும் கறாராகச் செய்து வருகிறார்கள். அதற்குள் முறையாகப் போகிற ஒரு அம்மாவையும் மகளையும் மடக்கி நியாயம் கேட்பானேன்?

தேவி, நான் போனது கப்பலில். சமுத்திரம் என்று ஒரு பேக்கேஜ் உண்டு, எம்.வி. கவரத்தி கப்பல், ஏழுநூறு பேர் ஏறலாம். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று ஒவ்வொரு தீவாக இறக்கிவிட்டு ராத்திரி கப்பலுக்கே கூட்டி வந்துவிடுவார்கள். நீங்கள் கேட்கிற அமைதிக்கும் இதற்கும் ரொம்ப தூரம். அதோடு நிறைய இடங்களில் கப்பல் கரை வரைக்கும் போகாது. கதவைத் திறப்பார்கள், கீழே ஒரு மோட்டார் படகு ஒரு நிமிஷம் நம் காலுக்கு நேராக வரும், அடுத்த நிமிஷம் நாலடி கீழே போய்விடும். மேலே வருகிற நேரம் பார்த்துப் படகுக்காரர் இரண்டு முழங்கையையும் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுவிடுவார். எனக்கே வயிற்றைக் கலக்கியது. முழங்கால் வலிக்காரருக்கு ஆகவே ஆகாது. கொச்சியிலிருந்து அகத்திக்குச் சின்ன ஏடிஆர் விமானம் போகிறது, ஒன்றரை மணி நேரம். கப்பல் என்றால் பதினாலு மணி நேரத்துக்குக் குறையாது.

தீவின் கிழக்குப் பக்கம் திறந்த கடல், மேற்கே காயல். மேற்குப் பக்கமாக அறை கேளுங்கள். தண்ணீர் அசையவே அசையாது.

மஞ்சூர் மணி:
பெர்மிட் இருந்தால் தண்ணீர் ஊறுமா சேகர் அண்ணா? அது பவளத்தீவு, ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மணலில் இறங்குகிற மழைத்தண்ணீர், எடை குறைவு என்பதால் அடியில் இருக்கிற கடல் தண்ணீர் மேல் மெல்லிசாக மிதந்துகொண்டு நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் எடுக்கிறார்கள். மோட்டார் போட்டுக் கொஞ்சம் கூட இழுத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். விடுதிக்காரன் ஷவர் வைத்தால் பக்கத்து வீட்டுக் கிணறு கரிக்கும். கழிவுத் தொட்டியும் அதே மணலுக்குள்தான் இருக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

பவளத்தின் கதை தனி. 1998, 2010, 2016, அப்புறம் 2024, கடல் சூடாகி வெளுத்துப்போய்க் கிடக்கிறது. அதன் மேல் ரப்பர் செருப்போடு போய் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

கொடை சேகர்:
கடல் சூடானது டூரிஸ்ட் செருப்பால் இல்லை தம்பி. தண்ணீருக்கு வழி செய்யாமலும் இல்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கவரத்தியில் 2005-லேயே வந்துவிட்டது, நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். சென்னையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் செய்தது. ஆழத்துக் குளிர்ந்த தண்ணீரை மேலே கொண்டுவந்து, மேல்தண்ணீரின் ஆவியைக் குளிரவைத்து எடுக்கிறார்கள். பிறகு மினிக்காய், அகத்தியிலும் வைத்தார்கள்.

மஞ்சூர் மணி:
அந்த ஆலைக்குக் கரண்ட்? தீவில் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்தான், டீசலும் கொச்சியிலிருந்துதான் வர வேண்டும்.

கூடலூர் ஃபாத்திமா:
இரண்டு பேரும் தண்ணீரிலேயே நிற்கிறீர்கள். என்னோடு கோழிக்கோட்டில் படித்த தோழி ஒருத்தி அமினித்தீவுக்காரி. லீவுக்கு ஊருக்குப் போகக் கப்பல் டிக்கெட் கிடைக்காமல் ஹாஸ்டலிலேயே பெருநாள் கழித்திருக்கிறாள். தீவில் பெரிய வியாதி என்றால் கொச்சிக்குத்தான் ஓட வேண்டும், அவசரம் என்றால் ஹெலிகாப்டர். அந்தக் கப்பல் அவர்களுக்கு நம் மேட்டுப்பாளையம் பஸ் மாதிரி. அதில் நாம் ஊர் பார்க்க ஓர் இடம் பிடிப்பதுதான் எனக்கு உறுத்தல். பேக்கேஜுக்கு ஒதுக்கிய இடம் வேறு என்பார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனால் வரவே கூடாது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை மணி அண்ணா. அங்கே இருப்பது தென்னை, சூரை மீன், அரசாங்க வேலை, அவ்வளவுதான். வீட்டில் இரண்டு அறை வாடகைக்கு விட்டால் அந்தக் காசு அந்த வீட்டுக்கே போகிறது. அவளுடைய மாமா மினிக்காயில் சூரை பிடிக்கப் போனதைச் சொல்வாள். உயிருள்ள சின்ன மீனை வாரி இறைத்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கூட்டத்தை மேலே வரவைத்து, தூண்டிலை வீசி வீசி இழுப்பார்களாம். கொக்கியில் எதிர்முள் இருக்காது, அதனால் மீன் படகுக்குள் விழும்போதே தானாகக் கழன்றுவிடும், கையே வைக்க வேண்டாம். அதை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்தால் மாசி, கட்டை மாதிரி இறுகிவிடும். தேவி, வாங்கினால் அதை வாங்குங்கள். பவளத்துண்டைப் பையில் போடாதீர்கள், வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு வரும்.

இன்னொன்று, ஏறக்குறைய முழுக்க முஸ்லிம் ஊர், நம் உடுப்பிலேயே போகலாம், கரையில் நீச்சலுடையோடு நடக்காதீர்கள். வீட்டுப் பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். இது நம் மலையில் படகர் ஹட்டிக்குள், அதாவது அவர்கள் கிராமத்துக்குள், கேமராவோடு நுழைகிறவர்களைப் பார்த்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோத்தகிரி தேவி:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் படகு விஷயத்தை வாசித்துக் காட்டினேன், கப்பல் வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டார். விமானம், அகத்தி ஒன்றுதான், பங்காரத்துக்குப் படகில் போவதும் இல்லை. யாருடைய வீட்டிலாவது அறை பார்க்கிறேன். மணி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் கீழ்கோத்தகிரியில் நடந்தாலும் எங்கள் பெரியம்மா வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். டவர் இல்லாவிட்டாலும் அவர் கூப்பிடுவார்.

மஞ்சூர் மணி:
பெரியம்மா விஷயத்தில் தோற்றேன். மற்றதில் இல்லை. ஏசி கேட்காதீர்கள், வாளியில் மொண்டு குளியுங்கள்.

கொடை சேகர்:
வெயிலுக்கு ஏசி இல்லாமல் கோத்தகிரி உடம்பு தாங்குமா தம்பி?

கூடலூர் ஃபாத்திமா:
பிப்ரவரியில் காற்று இருக்கும், ஃபேன் போதும். தேவி, முதலில் போலீஸ் சான்றுக்கு எழுதிக் கொடுங்கள், அது வந்த பிறகுதான் பெர்மிட். டிக்கெட்டை அதற்கு முன்னால் போட்டுவிட்டுத் தவிக்காதீர்கள். திரும்பும்போது கொச்சியில் ஒரு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அது சின்ன விமானம், ஒரு நாள் ரத்தானால் அடுத்ததற்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.