மகள் காரக்பூருக்குப் போறா, சந்தோஷமும் கலக்கமும் சேர்ந்தே வருது

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு அம்மா):
பொண்ணுக்கு மேற்கு வங்கத்துல இருக்கற ஐஐடி காரக்பூர்ல இடம் கிடைச்சிருக்கு. 17 வயசு. ராப்பகலா படிச்சு வாங்கின இடம், பெருமையா இருக்கு. ஆனா பெட்டியைக் கீழ இறக்கினதிலிருந்து வயித்தைப் பிசையுது. அவ முன்னாடி அழக்கூடாதுன்னு அடுப்படிக்குப் போயிடறேன். என்னென்ன தயார் பண்ணணும், போன பிறகு நாங்க எப்படி நடந்துக்கணும்?

பதில் 1:
வாழ்த்துகள் அக்கா. துணிமணிக்கு முன்னாடி ஆதாரைப் பாருங்க. பல வீடுகள்ல பிள்ளையோட ஆதார் அப்பா நம்பர்லதான் இருக்கும். அங்க பேங்க் கணக்கு, ஸ்காலர்ஷிப், தட்கல் டிக்கெட்னு எதைத் தொட்டாலும் ஓடிபி மதுரைக்கு வரும், அவர் போனை எடுக்குறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். ஆதார் மையத்துக்கு அவளையே கூட்டிட்டுப் போய் அவ நம்பரைப் பதிஞ்சிடுங்க. மாற சில நாள் ஆகலாம், கிளம்புறதுக்கு முந்தின நாள் வெச்சுக்காதீங்க.

ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி அவளும் குடுக்கணும், பெற்றோரும் குடுக்கணும், வருஷா வருஷம். 1800-180-5522 ராகிங் புகாருக்கான எண், போன்ல போட்டு வைங்க. ஒரிஜினல் சான்றிதழ் கைப்பையில, நகல் பெட்டியில. ரெண்டையும் ஒண்ணா வெச்சா தொலையும்போது ரெண்டும் தொலையும்.

பதில் 2:
அழுகையை ஒளிக்காதீங்கம்மா. நீங்க மறைச்சா அவளும் மறைக்கப் பழகுவா. நாளைக்கு நிஜமாவே ஒரு பிரச்சினைன்னாலும் "நல்லா இருக்கேன்"னுதான் சொல்வா. "நீ போறது சந்தோஷம், ஆனா எனக்குக் கஷ்டமாவும் இருக்கு"ன்னு ஒரு தடவை நேரா சொல்லிடுங்க. "நீ இல்லாம எப்படி இருப்பேன்"னு மட்டும் வேண்டாம். அந்தப் பாரத்தையும் அவ தூக்கிட்டுப் போகணும்.

முதல் ஒன்றரை மாசம்தான் பெரும்பாலும் கஷ்டம். போன் பேசற நேரத்தை அவளே முடிவு பண்ணட்டும். "சாப்பிட்டியா"ன்னு கேட்டா "ம்"னு முடிஞ்சிடும். "மெஸ்ல இன்னிக்கு என்ன, யார்கூட உக்காந்து சாப்பிட்ட"ன்னு கேளுங்க. அதுல கூட்டாளி கிடைச்சாச்சா, தனியா இருக்காளான்னு தெரிஞ்சிடும். ராத்திரி போன்ல அழுதுட்டு, வெச்சதும் முகத்தைக் கழுவிட்டு ரூம் பிள்ளைங்களோட சாப்பிடப் போயிடுவா. தூங்காம உக்காந்திருக்கறது நீங்கதான். உடனே டிக்கெட் போட்டுப் போய் நிக்காதீங்க.

ஆனா வகுப்புக்குப் போகாம, சாப்பாடு தூக்கம் ரெண்டும் கெட்டு, ரெண்டு வாரம் ஆகியும் மாறலைன்னா வார்டன்கிட்டயும் கல்லூரி கவுன்சலர்கிட்டயும் பேசுங்க. சாகணும்ங்கற மாதிரி ஒரு வார்த்தை வந்தா ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், நீங்களும் கூப்பிடலாம்.

பதில் 3:
பொடி வகைகளை 100 கிராம் பாக்கெட்டா போட்டுக் குடுங்க. ஆகஸ்ட்ல அங்க ஈரக் காத்து, பெரிய டப்பாவைத் திறந்து திறந்து மூடினா கட்டி தட்டி வீணாகும். நல்லெண்ணெய் பாட்டிலைத் தனிக் கவர்ல கட்டி நிக்க வைங்க, மூடி கசிஞ்சா துணி அத்தனையும் போச்சு. கொசுவலை கட்டாயம். வாளி, மெத்தை அங்கயே வாங்கிக்கலாம். கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு வாங்குறதுக்கு முன்னாடி விடுதி விதியைப் பாருங்க, பல இடத்துல பிடுங்கி வெச்சிடுவாங்க.

கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சென்ட்ரல்ல காலையில கிளம்பி மறுநாள் காரக்பூர் போகும். மதுரையிலிருந்து வந்து அன்னிக்கே மாறி ஏறலாம்னு நினைக்காதீங்க, முதல் வண்டி தாமதமானா ரெண்டாவது போயிடும். முந்தின நாளே சென்னை வந்து தங்குங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. அவங்க அப்பாதான் எதுவுமே பேசாம இருக்கார். அவரை என்ன பண்றது?

பதில் 3:
பேசச் சொல்லி நெருக்காதீங்க, ஒரு வேலையைக் குடுங்க. துர்கா பூஜை லீவுக்கு அவ வர்ற டிக்கெட் அவர் பொறுப்பு. முன்பதிவு 60 நாள் முன்னாடி, காலை 8 மணிக்குத் திறக்கும். பூஜைக்கு வங்காளமே ரயில் ஏறும், கொஞ்சம் அசந்தா வெயிட்டிங் லிஸ்ட்தான். லீவு தேதியை அவரே மகள்கிட்ட போன் பண்ணிக் கேக்கட்டும்.