மறுமொழி: ஸ்னோபோர்ட் கலைச்சொற்கள் – பாலவளைவு, தோணிவளைவு, பலகைத்தூணி

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

ஸ்னோபோர்ட், அதாவது பனிச்சரிவில் நின்று சறுக்கும் பலகை பற்றிய கையேட்டுக்காகச் சுவிஸிலிருந்து தம்பி அனுப்பிய தமிழ்ச்சொற் பட்டியலை நேற்றிரவு முழுதாக வாசித்தேன். அங்கே வளரும் நம் பிள்ளைகள் எந்தப் பனிக்கு எந்தப் பலகையை எடுப்பது என்று தமிழில் வாசித்துத் தெரிந்துகொள்ள ஒரு கையேடு வருவது பெரிய காரியம். அதனால்தான் சில சொற்களை இப்போதே நேராக்கிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கேம்பரும் றொக்கரும், அதாவது பலகை வளைந்திருக்கும் இரண்டு விதங்கள். பட்டியலில் 'மேல்வளைவு', 'கீழ்வளைவு' என்று இருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. கேம்பரில் பலகையின் நடு மேலே எழும்பி நிற்கிறது; றொக்கரில் முனைகள் மேலே எழும்பி நிற்கின்றன. அப்படியானால் எது மேல்வளைவு? இரண்டையுமே அப்படிச் சொல்ல இடமிருக்கிறது. கடையில் நிற்கும் பிள்ளை மாற்றி வாங்கிவிடும்.

எங்கள் வீட்டில் கொழுந்து பறிக்கும்போது மட்டம் பார்க்கிற மட்டக்கம்பு ஒன்று கிடக்கிறது. காய்ந்து சற்று வளைந்துபோனது. அதைச் சீமெந்துத் தரையில் ஒரு பக்கமாக வைத்தேன். இரண்டு நுனியும் தரையில் ஊன்றின, நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. நடுவில் அமத்தினால் கம்பு முழுவதும் தரையோடு படிகிறது, கையை எடுத்ததும் துள்ளி எழும்புகிறது. திருப்பி வைத்தால் நடு மட்டும்தான் தரையைத் தொடுகிறது. ஒரு நுனியைத் தட்டினால் ஆடுகிறது, விரலால் தள்ளினால் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. முன்னது கேம்பர், பின்னது றொக்கர். பலகையின் குணம் அத்தனையும் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

ஆகவே பனியில் எது படுகிறது என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். கேம்பருக்குப் 'பாலவளைவு' என்று வைப்போம். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ஒரு கண்ணைப் பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை: இரு பக்கமும் ஊன்றி, நடு எழும்பியிருக்கும். றொக்கருக்குத் 'தோணிவளைவு'. தோணியின் நடு தாழ்ந்தும் இரு முனைகளும் உயர்ந்தும் இருக்கும் என்பது யாருக்கும் தெரியும்.

இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு கையேட்டின் முதற் பக்கத்தை எழுதிப் பார்த்தேன், சிக்கலில்லாமல் வருகிறது. பாலவளைவுப் பலகையில் ஆளின் பாரம் முனைகள் வரை பரவுகிறது. இறுகிய பனியில் விளிம்பு நீளமாகக் கடித்துப் பிடிக்கிறது. வேகத்தில் நடுக்கம் குறைவு. தோணிவளைவுப் பலகையின் முன்முனை தூக்கியிருப்பதால் புதுப்பனியில் புதையாமல் மிதக்கிறது. விளிம்பு கொளுவி விழுவதும் குறைவு, ஆகையால் பழகுகிறவர்களுக்கு இலகு. ஆனால் கட்டிப்பனியில் அதன் பிடி போதாது. இரண்டும் சேர்ந்தவற்றைக் 'கலப்புவளைவு' என்றும் வளைவே இல்லாததைத் 'தட்டை' என்றும் சொல்லிவிடலாம்.

அடுத்தது 'குவிவர்'. வெவ்வேறு நிலைக்கென்று ஒருவர் வைத்திருக்கும் பலகைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பெயர். 'பலகைத்தொகுதி' போதும் என்று கொழும்பிலிருந்து அக்கா எழுதியிருந்தார். தொகுதி என்றால் உறுப்புகள் எல்லாம் ஒன்றாக இயங்கும்: சமிபாட்டுத் தொகுதி, நரம்புத் தொகுதி. இங்கே அப்படியில்லை. மூன்று பலகை வைத்திருப்பவர் காலையில் வானத்தையும் பனியையும் பார்த்து ஒன்றைத்தான் உருவுகிறார், மற்றவை வீட்டில் இருக்கும். ஆங்கிலத்தில் 'குவிவர்' என்பது அம்புகள் வைக்கும் கூடு; இராமாயணக் கதை கேட்ட எல்லோருக்கும் அம்பறாத்தூணி தெரியும். 'பலகைத்தூணி' என்போம். தனியே 'தூணி' என்று எழுதினால் தூண் என்று மயங்கக்கூடும், சேர்த்தே எழுதுவோம்.

இந்த விளையாட்டின் பல சொற்கள் அலைச்சறுக்கிலிருந்து வந்தவை. ஷெர்மன் பொப்பன் 1965இல் தன் மகளுக்காக இரண்டு ஸ்கீக்களை இணைத்துச் செய்த பலகையின் பெயரான 'ஸ்னர்ஃபர்' என்பதிலேயே அலைச்சறுக்கைக் குறிக்கும் 'சர்ஃப்' ஒட்டிக்கொண்டிருந்தது. அறுகங்குடாவில் அலைச்சறுக்குப் பழகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பலகைத்தூணியும் தோணிவளைவும் அப்படியே பயன்படும். நமக்கு இது இரட்டை இலாபம்.

தம்பியின் பலகைத்தூணி விளக்கத்தில் சிறு திருத்தம். சீராக்கிய தடத்துக்கு விறைப்பான, ஒருதிசைப் (முன்னோக்கிச் செல்வதற்கென்றே வடிவமைத்த) பாலவளைவு. புதுப்பனிக்கு முன்முனை அகன்று வால் ஒடுங்கிய, கால் பூட்டுகள் பின்தள்ளிய தோணிவளைவு. தாவி வித்தை காட்டும் வித்தைத் திடலுக்குக் கட்டையான, எளிதில் வளையும் இரட்டைமுனை (இரு முனையும் ஒரே வடிவானது). இவை சரி. ஆனால் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்ற வீடுகளே அதிகம். அவர்களுக்குக் கலப்புவளைவுப் பொதுப்பலகை ஒன்று போதும் என்பதை முதலில் எழுதுங்கள். நீளத்தை உயரத்தைவிட உடல் நிறையைக் கொண்டே பார்க்க வேண்டும் என்பதையும், இடை அகலம் (பலகையின் நடு அகலம்) போதாவிட்டால் சப்பாத்து நுனி பனியில் உரசும் என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பனி வகைகள். எங்கள் பக்கம் பனி என்றால் மூடுபனியும் பனிதான், புல்லில் நிற்கும் ஈரமும் பனிதான். ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியாவில் புல்வெளி வெளுத்துக் கொழுந்து கருகுகிறதே, அது உறைபனி. வானத்திலிருந்து விழுவதற்குக் கையேடு முழுவதும் 'வெண்பனி' என்றே வைத்தால் குழப்பமில்லை. அதன் கீழ் தூள்பனி, கட்டிப்பனி, கூழ்ப்பனி. தூள்பனிக்கு ஒருவர் சொன்ன 'மாப்பனி' அழகுதான், ஆனால் 'மா' பெரியது என்றும் பொருள்படும்.

பலகையின் பக்க விளிம்பு உள்வாங்கி வளைந்திருப்பதற்குப் பக்கவெட்டு, அந்த வளைவின் அளவுக்குப் பக்கவெட்டு ஆரை: இரண்டும் நன்று. ஆரை பாடசாலைக் கணிதத்தில் உள்ள சொல்.

கடைசியாக ஒன்றைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. 'ஃபிளெக்ஸ்' என்பதற்கு 'நெகிழ்வு' என்று இருக்கிறது. பல கம்பனிகள் 1 முதல் 10 வரை எண் கொடுக்கின்றன, எண் கூடக் கூடப் பலகை விறைப்பு. 'நெகிழ்வு 9' என்று அச்சிட்டால் வாசிப்பவர் நன்றாக வளையும் பலகை என்றே எடுப்பார், பழகத் தொடங்கும் பிள்ளை கையில் அது ஆபத்து. 'விறைப்பெண்' (விறைப்பு + எண்) என்று மாற்றச் சொல்கிறேன். நீளவாட்டில் வளைவதற்கு ஒன்று, முறுக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனி எண் கொடுப்பவர்களும் அங்கே இருக்கிறார்களா என்று தம்பி கடையில் கேட்டு எழுதினால், 'முறுக்க விறைப்பு' என்ற பதிவையும் சேர்ப்பதா என்று முடிவெடுக்கலாம்.

அன்புடன்,
பண்டாரவளையிலிருந்து