அப்பாவின் லேண்ட்ரோவர்: எந்தத் தேதி வைத்தாலும் தவறுகிறது, எப்படி நாள் குறிப்பது?

டிரைவர் மகன், சுங்கை சிப்புட்

வணக்கம். எங்கள் வீட்டுப் பக்கக் கொட்டகையில் ஒரு லேண்ட்ரோவர் நிற்கிறது. சீரிஸ் 3, 109 அங்குல (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி) வகை, பின்னால் திறந்த பிக்கப், 2.25 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். 1978-இல் தோட்டத்துக்கு வந்த வண்டி. ஓட்டியவர் என் அப்பா. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட காலத்தில் தோட்டத்தில் பழைய வண்டிகளைக் கழித்தார்கள். அப்பா இதை விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். 2009-இல் கிளட்ச் போனது, அதோடு நின்றுவிட்டது. 2021-இல் அப்பாவும் போய்விட்டார்.

2023 தொடக்கத்தில் நானே சரி செய்வது என்று இறங்கினேன். அந்த வருடத் தீபாவளிக்கு ஓட்டிவிடுவேன் என்று வீட்டில் சொன்னேன். முடியவில்லை. அப்புறம் 2024 தைப்பூசம் என்றேன். அப்புறம் 2024 தீபாவளி. மூன்றும் தவறிவிட்டன.

சோம்பேறித்தனம் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஈப்போவில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும், கிடைத்த ஞாயிற்றில் எல்லாம் கொட்டகையில்தான் இருந்தேன். ஆனால் ஆரம்பித்த வேகத்தில் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கழற்றிவிட்டேன். பானெட், முன் இறக்கைகள், கதவுகள், ரேடியேட்டர், நான்கு சக்கரத்துப் பிரேக். போல்ட்டுகளை எல்லாம் மைலோ டின்களில் போட்டேன், எது எதற்கென்று இப்போது தெரியவில்லை. பிரேக் சிலிண்டர்கள் வாங்கினேன், அளவு தப்பு. திருப்பி அனுப்பி வேறு வாங்க நான்கு மாதம். கதவுகளைச் சாயத்துக்குக் கொடுத்த இடத்தில் மூன்று வாரம் என்றார்கள், ஐந்து மாதம் ஆனது. இதுவரை 11,400 வெள்ளி செலவு. வண்டி இன்னும் ஓர் அங்குலம் நகரவில்லை.

அம்மாவுக்கு 71 வயது. முன் சீட்டில் உட்கார்ந்து பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்கிறார். "எப்பப்பா?" என்று கேட்கும்போது எனக்கு வாய் வரவில்லை. நான்காவது தடவையும் ஒரு தேதி சொல்லித் தவறவிட மனம் இல்லை. வீட்டிலேயே வண்டி செய்தவர்கள் சொல்லுங்கள். நாள் குறிப்பது எப்படி? குறிக்காமல் விடுவதே நல்லதா?


பழைய பிட்டர், கோலகங்சார்

தம்பி, தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் 31 வருடம் இருந்தவன் நான். லேண்ட்ரோவர், டிராக்டர், ரப்பர் பால் லோரி எல்லாம் இந்தக் கையில் வந்து போனவை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

எங்களுக்கு நாள் குறித்தது மானேஜர் துரையும் இல்லை, கணக்கு எழுதும் கிராணியும் இல்லை. பால். காலையில் வெட்டிய பால் அன்றைக்கே ஸ்டோருக்குப் போய்ச் சேர வேண்டும். அம்மோனியா ஊற்றிக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான். வண்டி வழியில் நின்றால் டாங்கியிலேயே உறைந்து கட்டியாகிவிடும், அத்தனை பேர் வெட்டிய கூலியும் அதோடு போகும். அதனால் சாயங்காலம் ஒரு வண்டி வந்தால், விடிகாலைப் பெரட்டுக்குள், அதாவது ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்குள், மூடி நிறுத்த முடிந்ததை மட்டும்தான் திறப்போம். பிரேக் மட்டும் என்றால் பிரேக் மட்டும். கியர்பாக்ஸில் சத்தம் கேட்டாலும் அன்று தொடமாட்டோம், நோட்டில் எழுதி வைப்போம். எனக்குத் தெரிந்த ஒரே நாள் கணக்கு இதுதான்.

உன் தீபாவளித் தேதி ஏன் நிற்கவில்லை தெரியுமா? தீபாவளி வந்து போனது, வண்டியில் எதுவும் உறையவில்லை. தேதி தவறினால் உண்மையிலேயே எது கெடும் என்று பார், அங்கே நாளைக் கட்டு.

உன் வண்டிக்கு அப்படிப்பட்டது மழை. நம் பக்கம் ஏப்ரல், மே ஒரு மழை. அக்டோபர், நவம்பர் அதைவிடப் பெரிய மழை. ஜனவரி, பிப்ரவரியும் ஜூன், ஜூலையும்தான் கொஞ்சம் காய்ந்த காலம். லேண்ட்ரோவர் உடம்பு அலுமினியக் கலவை, அதில் நேரே சாயம் அடித்தால் பிடிக்காது, எட்ச் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிறகுதான் மற்றது. ஈரக் காற்றில் அடித்தால் சாயம் வெள்ளை பூத்து நிற்கும், திரும்பத் தேய்க்க வேண்டும். திறந்த கொட்டகையில் அடிக்கப் போகிறாய் என்றால் ஜூன், ஜூலையை விட்டால் அடுத்த ஜனவரிதான். ஆக, நீ ஒரு தேதியைக் குறிக்காதே, ஒரு வெயிலைக் குறி. ஜூனில் சாயம் என்றால் ஏப்ரல் முடிவதற்குள் சேஸி, அதாவது அடிச்சட்டம், அதன் வெல்டிங் முடிய வேண்டும். ஏப்ரலில் முடியவில்லையா, அவசரப்படாமல் சாயத்தை அடுத்த ஜனவரிக்குத் தள்ளு. நடுவில் அக்டோபரில் அடிக்கிறேன் என்று மட்டும் இறங்காதே.

இன்னொரு சந்தேகம். நீ சேஸியைப் பார்த்தாயா? உன் பதிவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உடம்பு அலுமினியம் என்பதால் வெளியே அழகாக இருக்கும். அடியில் சேஸி இரும்புப் பெட்டி, உள்ளேயிருந்து துரு தின்னும். சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் படு. முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும், செத்த இரும்பு மொத்தென்று சொல்லும். பின் குறுக்குச் சட்டம், உடம்பைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள், அப்புறம் முன்னால் கால் வைக்கும் இடத்துத் தகடு, இவைதான் முதலில் போகும். போன இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டம் போடு. அந்த வட்டங்களை எண்ணாமல் எந்த நாளும் குறிக்க முடியாது. ஒரே காலைப் பொழுது வேலை.

வெல்டர் வருவதற்கு முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டாங்கியைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வை. காலி டாங்கிதானே என்று விடாதே, காலி டாங்கியில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும். பேட்டரி, ஆல்டர்னேட்டர் வயர்களையும் கழற்று. பழைய பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதே, அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடை.

பிரேக் சிலிண்டர் கதை எனக்குப் புரிகிறது. 88 அங்குல வண்டியின் பிரேக் டிரம் 10 அங்குலம், உன்னுடைய 109-க்கு 11 அங்குலம். முன் சக்கரம் ஒன்றுக்கு இரண்டு சிலிண்டர், பின்னால் ஒன்று, ஆக ஆறு. கடையில் சீரிஸ் 3 என்று மட்டும் சொன்னால் 88-க்கு உள்ளதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். போல்ட்டும் அங்குலக் கணக்கு, மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் தலை உருண்டுவிடும். உருண்ட ஒரு போல்ட்டு ஒரு ஞாயிற்றைத் தின்னும். புதுப் பொருள் கைக்கு வந்து, பழையதோடு வைத்துப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகே அந்த இடத்தைத் திற.

என் கையில் ஒரு நாள் ஆகும் வேலைக்கு உன் கையில் மூன்று நாள் எழுது. துருப்பிடித்ததைக் கழற்ற ஒன்று, வேலைக்கு ஒன்று, விட்டுப்போன பொருளுக்கு ஈப்போ ஓட ஒன்று. அம்மாவுக்கு இப்போது தேதி எதுவும் சொல்லாதே. சேஸி முடிந்த பிறகு சொல்.


மஞ்சள் கார்டு, தைப்பிங்

சகோதரரே, ஒன்று மட்டும். கிராண்ட், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம், இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறதா? அப்படியென்றால் இறந்தவர் பெயரிலிருந்து மாற்றுவது சாதாரணப் பெயர் மாற்றம் இல்லை. வாரிசு உத்தரவு வேண்டும், சொத்துப் பொறுப்பு நிறுவனமான அமானா ராயா வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ. அதற்கு அதன் போக்கில்தான் நாள் ஆகும், நீங்கள் ஸ்பேனர் பிடிக்கும் வேகம் அங்கே செல்லாது. அதனால் வண்டி வேலைக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்குங்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டரில் கிராண்டையும் மரணச் சான்றிதழையும் காட்டி என்னென்ன வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டிப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் சேஸி எண்ணையும் இன்ஜின் எண்ணையும் கிராண்டோடு ஒப்பிடுவார்கள். சேஸி எண் முன் வலது ஸ்பிரிங் தொங்கும் இடத்தருகே அடித்திருக்கும். வெல்டர் கிரைண்டரை எடுக்கும் முன் அந்த இடத்தைக் கையால் தேய்த்துப் படம் எடுத்துவிடுங்கள். என் மாமா வண்டியில் அதைத் தெரியாமல் தேய்த்துவிட்டார்கள், பட்ட பாடு சொல்லி முடியாது.


பெட்ஃபோர்ட் வீட்டுக்காரி, பீடோர்

பிட்டர் அண்ணன் எழுதியதை இரண்டு முறை படித்தேன், அருமை. ஆனால் அம்மாவுக்குத் தேதி சொல்லாதே என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என் வீட்டுக்காரர் அவருடைய அப்பாவின் பெட்ஃபோர்ட் லோரியை ரம்புத்தான் மரத்தடியில் வைத்து ஆறு வருடம் செய்தார். முதல் நான்கு வருடம் எங்களுக்கு எதுவும் சொல்லமாட்டார். கேட்டால் கோபம் வரும். பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை. வீட்டில் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் மற்றவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று அண்ணனுக்குத் தெரியாது. 71 வயது அம்மாவை "பிறகு சொல்கிறேன்" என்று உட்கார வைக்க வேண்டாம் தம்பி.

பெரிய தேதிக்குப் பதில் சின்னதாக ஒன்று சொல்லுங்கள். கோயிலுக்குப் போகும் நாள் வேண்டாம், அந்த இன்ஜின் சத்தத்தை அவர் கேட்கும் நாள். வண்டி நகர வேண்டியதில்லை. கொட்டகையிலேயே, முன் சீட்டில் உட்கார வைத்து இன்ஜினைப் போடுங்கள். எங்கள் மாமியார் அந்த லோரிச் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்ற நிற்பை நான் மறக்கமாட்டேன்.

எங்கள் வீட்டில் கடைசி இரண்டு வருடத்தில் வேலை ஓடியதற்குக் காரணம் அடுப்படியில் தொங்கிய காலண்டர். ஞாயிறு முழுநாள் என்று எழுதுவதை விட்டோம். கல்யாணம், காதுகுத்து, ஓவர்டைம் என்று முழு ஞாயிறு யாருக்குக் கிடைக்கிறது? காலை 7 முதல் 11 வரை என்று எழுதினோம், மாதத்தில் இரண்டே முறை. 11 மணிக்கு மேல் அவர் எங்களோடு. கடைசி அரை மணி நேரம் துடைத்து எடுத்து வைத்து, அடுத்த முறை எந்த போல்ட்டில் தொடங்க வேண்டும் என்று முன் கண்ணாடியில் சாக்குக்கட்டியால் எழுதிவிட்டு வருவார். அதற்கு முன் ஒவ்வொரு வாரமும் "எங்கே விட்டேன்" என்று தேடியே ஒரு மணி நேரம் போகும்.

மைலோ டின்னுக்கும் வழி இருக்கிறது. பெரியவனை உட்கார வைத்து அளவு வாரியாகப் பிரிக்கச் சொன்னேன், இரண்டு சாயங்காலத்தில் முடித்துவிட்டான். உங்கள் வீட்டில் யாரும் இருந்தால் கேளுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள்.


பழைய பிட்டர், கோலகங்சார்

தங்கச்சி சொல்வது நியாயம். இன்ஜின் சத்தம் நல்ல இலக்கு, உடம்பைத் தொடாமலே செய்யலாம். ஆனால் தம்பி, 2009-இல் நின்ற இன்ஜினை நேரே ஸ்டார்ட்டரில் சுற்றாதே. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் டீசலும் கியர் எண்ணெயும் ஊற்றி ஒரு வாரம் விடு. அப்புறம் முன்னால் கைப்பிடி போட்டு மெல்லச் சுற்று, சீரிஸ் வண்டிக்கு அந்த வசதி உண்டு. கைக்குச் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. ரேடியேட்டரை மாட்டித் தண்ணீர் ஊற்றாமல் ஓட விடாதே. பழைய பெட்ரோலைத் தொடாதே, வெளியே ஒரு கேனில் புதிதாக வைத்துக் குழாய் கொடு. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வை, உனக்குப் பிரேக் இல்லை.


டிரைவர் மகன், சுங்கை சிப்புட்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், காரணம் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு வர நினைத்தேன்.

முதலில் போனில் உள்ள படங்களைத் தேதி வாரியாகப் பார்த்தேன். போன வருடம் கொட்டகையில் நான் உண்மையாக வேலை செய்தது 19 நாள்தான். ஒவ்வொரு ஞாயிறும் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன், இங்கேயும் அப்படித்தான் எழுதினேன். 19 நாளை வைத்துக்கொண்டு மூன்று பண்டிகைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சுத்தியல் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். ஒன்பது வட்டம். பின் குறுக்குச் சட்டத்தில் மட்டும் மூன்று, ஓர் இடத்தில் சுத்தியலே உள்ளே போய்விட்டது. டிரைவர் பக்கக் கால் தகடு பாதி இல்லை, அப்பா அதன் மேல் ஒரு பழைய ரப்பர் ஷீட்டைப் போட்டு மறைத்து வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எல்பில் தோட்டத்துப் பக்கம் ஒரு வெல்டர் இருக்கிறார். வந்து பார்த்தார். ஒன்பது இடத்துக்கும் சேர்த்து நான்கு சனிக்கிழமை என்றார். பிட்டர் அண்ணன் என் கைக்கு மூன்று மடங்கு என்றார், இது வெல்டர் கை என்பதால் நான் இரட்டித்து எட்டு என்று எழுதிக்கொண்டேன். ஏப்ரலுக்குள் அடங்குகிறது, ஆனால் சரியாக விளிம்பில். தவறினால் சாயம் அடுத்த ஜனவரி, அதை வீட்டில் இப்போதே சொல்லிவிட்டேன். கதவுகளை உறையில் சுற்றி மேலே ஏற்றிவிட்டேன், சேஸி முடியும் வரை கீழே இறக்கமாட்டேன். ஆறு சிலிண்டரும் 11 அங்குல டிரம்முக்கு உள்ளவைதான், வைத்துப் பார்த்துவிட்டேன். மைலோ டின்கள் அக்கா மகளிடம். ஈப்போ போய் அமானா ராயாவில் பாரமும் வாங்கி வந்தாயிற்று.

பீடோர் அக்கா, அம்மாவிடம் இன்ஜின் சத்தம் என்று சொன்னேன். மார்ச் கடைசி ஞாயிறு, காலை 10 மணி. அவரே காலண்டரில் எழுதினார். டீசலும் எண்ணெயும் ஊற்றி ஒன்பது நாள் ஆகிறது. நேற்றுக் கைப்பிடியைப் போட்டு அழுத்தினேன், கால் சுற்று வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறேன்.

சேஸி எண்ணைத் துணியும் மண்ணெண்ணெயும் கொண்டு தேய்த்துப் பார்த்தேன். கடைசி மூன்று எண் தெளிவாக இருக்கிறது, முன்னால் உள்ளது இன்னும் துருவுக்கு அடியில். சனிக்கிழமை காலை 8 மணிக்கு வெல்டர் வருகிறார், அதற்குள் முழுவதும் தெரிய வேண்டும். இன்று இரவு ஷிப்ட் முடிந்து வந்து மறுபடி தேய்க்கிறேன்.