கியூபாவில் வடைக்கடையைத் தொடவே இல்லையாம்!

கிராணி மகன்:
நேற்று மே தினப் பேச்சுக்கிடையில் பால்மரம் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு இரவு தூக்கமே வரவில்லை. “கியூபாவின் புரட்சி அரசு ஆலைகளையும் வங்கிகளையும்தான் எடுத்தது, சின்னக் கடைக்காரனை விரலால்கூடத் தொடவில்லை” என்கிறார். மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு எதை வேண்டுமானாலும் அளந்துவிடலாம் போலிருக்கிறது. 1968 மார்ச் 13 அன்று காஸ்ட்ரோ பேசினார். அதையடுத்து 55,000-க்கும் மேற்பட்ட சிறு வியாபாரங்கள் அரசுடைமை ஆயின. மதுக்கடை, சலவைக்கடை, செருப்புத் தைக்கிறவர், தெருவோரம் தின்பண்டம் விற்றவர், யாரும் தப்பவில்லை. என் அம்மா தோட்ட வாசலில் வடை சுட்டுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். அங்கே பிறந்திருந்தால் அந்த அடுப்பும் அரசுக்குத்தான்.

பால்மரம்:
தம்பி, 1960-ல் சோவியத் எண்ணெயைச் சுத்திகரிக்க மாட்டோம் என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் மறுத்தன. ஆலைகளை அரசு எடுத்துக்கொண்டது. அமெரிக்கா கியூபாவிடம் வாங்கும் சர்க்கரை ஒதுக்கீட்டை வெட்டியது. அமெரிக்கர்களின் சர்க்கரை ஆலைகளும் போயின. இதில் என்ன தப்பு? இங்கே வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது என் அப்பா சட்டி பானையோடு தொழிலாளர் குடியிருப்பான லயத்தைவிட்டு வெளியேறினார். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

கிராணி மகன்:
நான் கேட்டது வடைக்கடை. எண்ணெய் ஆலையை யார் கேட்டார்கள்?

செம்பனை:
துண்டாடலுக்கு இங்கேயே மருந்து கண்டார்கள் ஐயா. 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்கினார். நம் ஊர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் என்பதையாவது நினைவில் வையுங்கள்.

பால்மரம்:
ஆரம்பித்துவிட்டார். எதைப் பேசினாலும் இவருக்குச் சம்பந்தன் வந்துவிட வேண்டும்.

கிராணி மகன்:
கூட்டுறவும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். 55,000. தொட்டார்களா, இல்லையா? கடைகளைப் பிடுங்கி, ஊரையே கரும்பு வெட்ட அனுப்பி, 1970-ல் ஒரு கோடி டன் சர்க்கரை என்றார்கள். வந்தது 85 லட்சம் டன்.

பால்மரம்:
அந்த 85 லட்சமே கியூபா அதுவரை காணாத விளைச்சல். அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவாய்.

மூன்றாவது டிவிஷன்:
1962-லிருந்து அங்கே வீட்டுக்கு வீடு ரேஷன் புத்தகம் உண்டு. நம் தோட்டத்துக் கடையின் 555 புத்தகம் மாதிரி.

பால்மரம்:
எந்த மாதிரி? 555-ல் எழுதியது கடன். சம்பள நாளில் கடைக்காரன் அதைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் எடுக்கும் பிரட்டுக்களத்துக்கே வந்து நிற்பான். ரேஷன் புத்தகத்தில் இருப்பது உனக்குச் சேரவேண்டிய அரிசி.

கிராணி மகன்:
சேரவேண்டிய அரிசி சேர்ந்ததா? சரி, வடைக்கடைக்கு வாருங்கள்.

மூன்றாவது டிவிஷன்:
ஒரு சந்தேகம். அப்பா கிராணி, அம்மா வடைக்கடையா?

கிராணி மகன்:
ஒன்பது பிள்ளைகள் ஐயா. கிராணிச் சம்பளம் என்ன, துரை சம்பளமா?

மூன்றாவது டிவிஷன்:
அப்படியானால் அந்தக் கடை எனக்குத் தெரியும். இரண்டு வடை தின்றால் புத்தகத்தில் மூன்று என்று ஏறும்.

கிராணி மகன்:
அம்மாவை இழுக்க வேண்டாம். மார்ச் 1968. தொட்டார்களா, இல்லையா?

பால்மரம்:
முதலில் அந்த மூன்றாவது வடைக்குக் கணக்குச் சொல்.