டிஆர்எம்: உரிமை மேலாண்மையா, பயன்பூட்டா?

வணக்கம். டிஆர்எம் (digital rights management) என்பது, வாங்கிய பாட்டு போன்றவற்றை எந்தக் கருவியில், எப்படிப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் நுட்பம். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பது பற்றி எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> "எண்ணிம உரிமை மேலாண்மை" என்று நேராகப் பெயர்த்தாலே போதும், புதுச்சொல் எதற்கு?

போதாது என்றே நினைக்கிறேன். இதைப் படிக்கிறவர், பாட்டை வாங்கிய தன்னுடைய உரிமையை யாரோ பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். 2003இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் என்ற இணையக் கடையில் 99 சென்ட் கொடுத்துப் பாட்டு வாங்கியவருக்குக் கோப்போடு சேர்ந்து ஃபேர்பிளே என்ற பூட்டும் வந்தது. ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாடில் (iPod) பாடும், ஆப்பிளின் இசைவு பெறாத கருவியில் அதே கோப்பு பாடாது. இதில் வாங்கியவரின் எந்த உரிமை மேலாளப்படுகிறது?

சட்டமும் இந்தப் பெயர்ப்புக்கு இடைஞ்சல்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் 65ஏ பிரிவு தொழில்நுட்பப் பாதுகாப்பைப் பற்றியது, அதாவது பூட்டைப் பற்றியது. உரிமை மேலாண்மைத் தகவல் 65பி பிரிவில் தனியாக வருகிறது. அது படைப்பின் பெயர், படைத்தவர் பெயர் போன்ற விவரங்களைக் குறிக்கும். பூட்டுக்கும் இதே பெயரை வைத்தால் இரண்டும் குழம்பிவிடும்.

> அப்படியானால் "நகல் பூட்டு" என்று வைக்கலாமே?

நல்ல சொல், எளிய சொல். ஆனால் பாதிதான் பொருந்துகிறது. 2005இல் சோனி பிஎம்ஜி குறுந்தகடுகள் சிலவற்றைக் கணினியில் போட்டால், நகலெடுப்பதைக் கட்டுப்படுத்தும் நிரல் ஒன்று ஒளிந்து உட்கார்ந்துகொண்டது. அது நகல் பூட்டுதான், சந்தேகமே இல்லை. மைக்ரோசாஃப்டின் சூன் (Zune) என்ற பாட்டுக் கருவியின் கதை வேறு. "பிளேஸ்ஃபார்ஷூர்" என்ற முத்திரையோடு பாட்டு விற்கச் சொன்னது மைக்ரோசாஃப்ட். அதே நிறுவனம் 2006இல் சூனை வெளியிட்டபோது, அந்த முத்திரையை நம்பி வாங்கிய பாடல்கள் அதில் பாடவில்லை. அங்கே யாரும் நகலெடுத்து விற்கப் போகவில்லை. காசு கொடுத்து வாங்கியதைப் புதுக் கருவியில் கேட்க நினைத்தார்கள், அவ்வளவுதான். 2008இல், மைக்ரோசாஃப்டின் பாட்டுக் கடையாக இருந்த எம்எஸ்என் மியூசிக்கில் வாங்கிய பாடல்களைத் திறக்க அனுமதி தரும் கணினியை, அதாவது திறவுகோல் வழங்கியை, நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. கணினியை மாற்றினால் வாங்கிய பாட்டு போச்சு! எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் 2011 வரை நீட்டித்தார்கள்.

ஆகவே பூட்டு விழுவது பயன்பாட்டின் மேல். அதனால் "பயன்பூட்டு" என்ற சொல்லை முன்வைக்கிறேன். நகலெடுப்பதை மட்டும் தடுக்கும் வகைக்கு "நகல் பூட்டு" இருக்கட்டும். அது பயன்பூட்டில் ஒரு வகை. பயன்பூட்டிட்ட பாடல், பயன்பூட்டற்ற கோப்பு, பயன்பூட்டை நீக்கு என்று வாக்கியத்திலும் இடறாமல் வருகிறது.

> "பூட்டு" என்றால் ஒரு பக்கம் சாய்ந்த சொல்லாகிவிடாதா?

வீட்டுக் கதவிலும் பூட்டு இருக்கிறது, யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் பாட்டுக் கேட்பவர்களின் மனக்குறை. அவர்கள் எதை விரும்பினார்கள் என்பதற்கு அப்போதைய ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரியில் எழுதிய திறந்த மடலிலேயே கணக்கு இருக்கிறது. 2006 முடிய ஆப்பிள் விற்றவை 9 கோடி ஐபாட், ஐடியூன்ஸ் கடையில் 200 கோடி பாடல். ஒரு கருவிக்குச் சராசரியாக 22 பாட்டு. கருவிகளில் நிறைந்திருந்ததில் பெரும்பகுதி, குறுந்தகடுகளிலிருந்தும் மற்ற வழிகளிலும் வந்த பூட்டில்லாத பாடல்கள். 2007இலேயே இஎம்ஐ என்ற இசை நிறுவனத்தின் பாடல்கள் ஐடியூன்ஸ் கடையில் பயன்பூட்டு இல்லாமல், கூடுதல் தரத்தோடு 1.29 டாலருக்கு வந்தன. 2009இல் மற்ற பெரிய இசை நிறுவனங்களின் பாடல்களும் அந்தக் கடையில் பூட்டின்றி விற்பனைக்கு வந்தன. மேலாண்மை என்று எழுதினால் இந்த வரலாறு படிப்பவருக்குப் புரியவே புரியாது.

அப்புறம், ஐபாட், சூன் போன்ற கருவிக்குப் பெயர். "கையடக்க இசைக்கருவி" வேண்டாம். வீணையும் மிருதங்கமும் நினைவுக்கு வரும். "ஒலிப்பான்" ஏற்கெனவே வண்டியில் ஹாரனாக இருக்கிறது. "இசைப்பான்" எப்படி? படமும் காட்டும் கருவிக்கு அது போதாது என்று எனக்கே தோன்றுகிறது. அதற்குச் சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.