புதுப்பிப்பு: பழைய வீட்டு சீலிங்கை எங்கே தட்டிப் பார்ப்பது

30 வருஷத்துக்கு மேலான, கான்கிரீட் தளம் போட்ட வீடு வாங்குமுன் சீலிங்கைத் தட்டிப் பாருங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். எங்கே, எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

மாடிக் குளியலறைக்கு நேர் கீழே, மொட்டைமாடித் தொட்டிக்கு அடியில், பிறகு சன்ஷேட். மரச்சுத்தியலால் ஓரடிக்கு ஒரு தட்டு. ‘டொப்’பென்று பொள்ளலாகக் கேட்டால் பூச்சு மட்டும் விட்டிருக்கலாம், கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்பியும் இருக்கலாம், ஓரிடத்தில் கொத்திப் பார்த்தால்தான் தெரியும். கம்பி போகும் வழியிலேயே நேராக விரிசல் ஓடினால் பெரும்பாலும் துருதான். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

ஒரே அறையில் மட்டும் ஃபால்ஸ் சீலிங்கா? பழுதை மறைக்கப் போட்டிருக்கலாம், ஒரு பலகையைக் கழற்றச் சொல்லுங்கள்.

கம்பி துருப்பிடித்திருந்தால் வெறும் சிமெண்ட் பூச்சு நிற்காது. கம்பிக்குப் பின்புறம்வரை கொத்தி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, பாலிமர் சேர்த்த சிமெண்ட் கலவை வைக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.