கிராங்க் சென்சார் மாற்றியும் பி0335 திரும்பத் திரும்ப வருகிறது

நாற்சக்கரன் (கேள்வி):

வண்டி 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், பிஎஸ்4, மேனுவல் கியர். ஓட்டம் 92,000 கி.மீ. கிராங்க் சென்சார் (என்ஜின் சுழல்வதை இசியுவுக்கு, அதாவது என்ஜின் கணினிக்குச் சொல்வது) கியர்பாக்ஸ் பக்கம், ஃப்ளைவீலின் (என்ஜினோடு சுழலும் பல் சக்கரம்) பற்களைப் பார்த்தபடி இருக்கிறது. கனெக்டரில் மூன்று பின்.

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். அரைமணி நேரம் டிராஃபிக்கில் ஊர்ந்தால் பிரச்சினை ஆரம்பம். ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுகிறது, வண்டி நின்றுவிடுகிறது. சில சமயம் உடனே ஸ்டார்ட் ஆகிறது, சில சமயம் ஆறும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஸ்கேனரில் பி0335, கிராங்க் சென்சார் சர்க்யூட்டுக்கான எரர் கோடு. பல தடவை கேம் சென்சார் கோடான பி0340-உம் கூடவே வருகிறது.

கம்பெனி சென்சார் வாங்கி மாற்றியாயிற்று. பேட்டரியும் புதிது. எரர் கோடை அழித்தால் சில நாள் வராது, பிறகு அதே கதை. இப்போது ஒர்க்‌ஷாப்பில் இசியு மாற்றச் சொல்கிறார்கள். இது தொடங்குவதற்குச் சில மாதம் முன்பு கிளட்ச் செட் மாற்றினேன். கையில் மல்டிமீட்டரும் ஈஎல்எம் 327 ப்ளூடூத் அடாப்டரும் (வண்டியின் டேட்டாவை போன் ஆப்பில் காட்டுவது) உள்ளன. இசியுவுக்குச் செலவு செய்யும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஐந்து_வோல்ட்:

இசியுவை இப்போதைக்குத் தொடாதீர்கள். பி0335 என்றால் "கிராங்க் சென்சார் கெட்டுவிட்டது" என்று பொருளில்லை. அந்த சர்க்யூட்டிலிருந்து சரியான சிக்னல் வரவில்லை, அவ்வளவுதான். சென்சார், மூன்று ஒயர், கனெக்டர், எர்த், ஃப்ளைவீல் பல் எல்லாமே அந்த சர்க்யூட்டுக்குள் அடக்கம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது பி0340. தனித்தனியாக இருக்கும் இரண்டு சென்சார்கள் ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பல சிறிய கார்களில் கிராங்க், கேம் இரண்டுக்கும் 5 வோல்ட் சப்ளை ஒரே ஒயரில் வந்து, ஹார்னஸுக்குள் (ஒயர்க் கட்டு) ஒரு ஜாயின்ட்டில் பிரிகிறது. சென்சார் எர்த்தும் அப்படியே. கிராங்க் பக்கம் போகும் கிளையில் 5 வோல்ட் ஒயர் அறுந்தால் பி0335 மட்டும் வரும். அதே ஒயர் உரசி என்ஜின் உலோகத்தில் பட்டால் மொத்த 5 வோல்ட்டும் சரிந்து, கேம் சென்சாரும் சேர்ந்து செத்துப்போகும். இசியுவுக்குள் இருக்கும் ரெகுலேட்டர் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளும். ஒயர் விலகியதும் சப்ளை திரும்பிவிடும். சில சமயம் உடனே ஸ்டார்ட் ஆவதற்கு இது பொருந்துகிறது.

சோதிக்கும் முறை: இக்னிஷன் ஆன், என்ஜின் ஆஃப், கிராங்க் கனெக்டரைக் கழற்றுங்கள். ஒரு பின்னில் 4.9 முதல் 5.1 வோல்ட் வரை சப்ளை (சில மாடல்களில் 12 வோல்ட்). சிக்னல் பின்னிலும் ஏறக்குறைய 5 வோல்ட் தெரியும், அது இசியு உள்ளிருந்து கொடுப்பது. மூன்றாவது எர்த். இந்த மூன்றும் சரியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் ஒயர்கூட, லோடு இல்லாதபோது மீட்டரில் முழு 5 வோல்ட்டைக் காட்டும்.

ஆகவே கனெக்டரை மாட்டிவிட்டு, பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசியைச் செருகி, என்ஜின் ஓடும்போது அளக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் முனையத்தில், சிவப்பு முனை சென்சார் எர்த் ஒயரில். என்ஜின் சூடான பின் ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டாலும் 50 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. பிறகு சிவப்பு முனையைக் கேம் சென்சாரின் 5 வோல்ட் ஒயருக்கு மாற்றுங்கள். அதைப் பார்த்துக்கொண்டே கிராங்க் சென்சாருக்குப் போகும் ஹார்னஸை இன்ச் இன்ச்சாக அசையுங்கள். கேம் பக்கம் 5 வோல்ட் சரிந்தால் குற்றவாளி கையில் சிக்கிவிட்டது.

இரண்டு எச்சரிக்கை. 5 வோல்ட் லைனில் டெஸ்ட் லாம்ப் போடாதீர்கள், இசியு அடிபடலாம். மூன்று பின் ஹால் சென்சாரை (காந்தப்புலத்தை எலக்ட்ரானிக்ஸால் உணரும் வகை) ஓம் மீட்டரில் வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே சுருள் இல்லை, எலக்ட்ரானிக்ஸ்தான், வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. ஓம் பார்ப்பது இரண்டு பின் காந்தச் சுருள் வகைக்கு.

பெல்ஹவுசிங்:

கிளட்ச் மாத்துன பிறகு வந்ததுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே ப்ரோ, முதல்ல அங்கதான் பார்க்கணும். கியர்பாக்ஸ் இறக்கும்போது ரெண்டு விஷயம் கை தவறும். ஒண்ணு, கியர்பாக்ஸ்ல இருந்து பாடிக்கு வர்ற எர்த் ஸ்ட்ராப். அதைப் போல்ட் போடாம விட்டுடுவாங்க, இல்லன்னா பெயிண்ட் மேலயே முடுக்கிடுவாங்க. ரெண்டாவது, ஹார்னஸைப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப். கழட்டுறப்ப உடைஞ்சிருக்கும், திரும்பப் போட்டிருக்க மாட்டாங்க. ஒயர் தொங்கி சைலன்சர் பைப் பக்கமோ பிராக்கெட் விளிம்பிலயோ உட்கார்ந்துடும். வண்டியை லிஃப்ட்ல ஏத்தி டார்ச் அடிச்சு கீழ இருந்து பாருங்க, மேல இருந்து தெரியாது.

எலி கடிச்ச தடமும் பாருங்க. ஒயர்ல சீவுன மாதிரி இருக்கும்.

ஸ்ட்ராப்புக்கு டெஸ்ட் சுலபம். மீட்டர் ஒரு முனை என்ஜின் பிளாக்ல, இன்னொண்ணு பேட்டரி நெகட்டிவ்ல. ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.2, 0.3 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. அரை வோல்ட் தாண்டுனா எர்த் சரியில்ல.

பின்_டிராக்:

மேலே இருவர் சொன்னதோடு கனெக்டர் பின்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடித்த மீட்டர் முனையை முன்பக்கமாகக் குத்திப் பார்த்திருந்தால் பெண் டெர்மினல் விரிந்திருக்கும். குளிரில் தொடும், சூட்டில் விடும். அதே அளவுள்ள ஆண் பின் ஒன்றை எடுத்து ஒவ்வொரு துளையிலும் செருகி இழுத்துப் பாருங்கள். லேசான பிடிமானம் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். விரிந்திருந்தால் டெர்மினலை மாற்றுவதுதான் வழி, நெளித்துச் சரிசெய்வது நிலைக்காது.

ஃப்ளைவீல் பல் உடைந்திருக்குமோ என்ற சந்தேகத்தைக் கடைசியில் வையுங்கள். 60-ல் இரண்டு பல் விட்ட 58 பல் சக்கரத்தில் ஒன்று சேதமானால், சூடானாலும் ஆறினாலும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தவறும். அப்போது பெரும்பாலும் பி0336 (சிக்னல் வருகிறது, ஒழுங்காக இல்லை என்ற கோடு), கூடவே மிஸ்ஃபயர். சூட்டில் மட்டும் வரும் கோளாறுக்கு அது பொருந்தாது.

ஈஎல்எம் அடாப்டர் மெதுவானது. லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதிவு போடுங்கள். பத்து அளவுகளைச் சேர்த்தால் நொடிக்கு ஒரு புள்ளிகூடத் தேறாது. பெட்ரோல் வராமல் நிற்கும் என்ஜினில் ஆர்பிஎம் சரிந்து இறங்கும். சிக்னல் போனால், வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே எண் பூஜ்யத்துக்குத் தாவும். கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படம் எடுத்து வையுங்கள். கோடு பதிவான கணத்தின் கூலன்ட் வெப்பம், வேகம், லோடு எல்லாம் அதில் இருக்கும். கோடோடு அதுவும் அழிந்துபோகும்.

கோளாறு தீரும்வரை வேகச் சாலையில் எடுக்காதீர்கள். என்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டரில் மிஞ்சிய வேக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

நாற்சக்கரன்:

எல்லோருக்கும் நன்றி. அளந்தவை இவை. கிராங்க் கனெக்டர் கழற்றிய நிலையில் சப்ளை 5.02, சிக்னல் 4.98. சென்சார் எர்த், சூட்டில் ஹெட்லைட்டோடு 18 மில்லிவோல்ட். பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே செல்ஃப் அடிக்கும்போது 0.74 வோல்ட். கியர்பாக்ஸ் எர்த் போல்ட் கையாலேயே சுற்றுகிறது. பின்களில் பிடிமானம் நன்றாக உள்ளது. ஹார்னஸ் கிளிப் ஒன்று இல்லை. ஒயர் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு) பிராக்கெட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தை அழுத்தினால் கேம் பக்கம் 5 வோல்ட் 0.3-க்கு இறங்கி, என்ஜின் நின்றது. எர்த் சரிசெய்தால் போதுமா, ஒயரையும் மாற்ற வேண்டுமா?

ஐந்து_வோல்ட்:

இரண்டும் தனித்தனிக் கோளாறுகள், இரண்டையும் சரிசெய்ய வேண்டும். வண்டியை நிறுத்துவது ஒயர்தான்: சூட்டில் இன்சுலேஷன் இளகுகிறது, என்ஜின் மவுண்ட்டில் ஆடும்போது செம்பு விளிம்பைத் தொடுகிறது. சென்சார் எர்த் 18 மில்லிவோல்ட் என்பதால் அந்தப் பக்கம் குறையில்லை. ஸ்ட்ராப் இப்போது தொல்லை தராவிட்டாலும், செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டம் கியர் கேபிள் மாதிரி வேறு வழி தேடிப் போகும், கேபிள் கருகும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உரசிய இடத்துக்கு இருபுறமும் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, 0.5 சதுர மி.மீ. ஆட்டோமோட்டிவ் ஒயர் துண்டு சேருங்கள். பச்சை பூத்த செம்பில் ஜாயின்ட் போட வேண்டாம். மூன்று ஒயருக்கும் ஜாயின்ட் ஒரே இடத்தில் வராமல் 3 செ.மீ. தள்ளித் தள்ளி இருக்கட்டும். கிரிம்ப் (அழுத்தி நெரிக்கும் இணைப்பு) போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால் மூடுங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது என்ஜின் சூட்டில் சில மாதம்கூடத் தாங்காது. ஹார்னஸில் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இருந்தால் அதன் எர்த் இசியு முனையில் மட்டும். இரு முனையிலும் எர்த் செய்தால் இரைச்சல் சிக்னலில் ஏறும். மேலே புதிய சுருள் குழாய், விளிம்பிலிருந்து விலகி நிற்கும்படி புதுக் கிளிப். என்ஜின் ஆடும் அளவுக்குக் கொஞ்சம் தளர்வும் விடுங்கள்.

ஸ்ட்ராப்பின் இரு முனையையும், அது உட்காரும் உலோகத்தையும் உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து முடுக்குங்கள். வாசலின் தடவுவது முடுக்கிய பிறகு, மேலே மட்டும்.

பெல்ஹவுசிங்:

முடிச்சதும் செல்ஃப் அடிச்சு 0.74 எவ்வளவா இறங்குதுன்னு பாருங்க. அப்புறம் கோடை அழிச்சிட்டு நல்லா சூடாகுற மாதிரி டிராஃபிக்ல ஓட்டுங்க. லைட் எரியலங்கிறதை மட்டும் நம்பாதீங்க, ஆப்ல பெண்டிங் கோடு (இன்னும் உறுதியாகாத கோடு) தனியா இருக்கும். லைட் எரியறதுக்கு முன்னாடி பெரும்பாலும் அங்கதான் முதல்ல விழும். கோடை அழிச்சதும் ரெடினஸ் மானிட்டர் (இசியு தானே செய்யுற சோதனைகள்) பெரும்பாலும் "முடியவில்லை"ன்னு காட்டும். குளிர் ஸ்டார்ட், நிதான வேகம், ஐட்லிங்னு கலந்து ஓட்டுனா முடியும்.

பழைய சென்சாரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அது நல்லாதான் இருந்திருக்கும். துணில சுத்தி டிக்கில வைங்க.